கடல் எட்டாத நாடுகளும் கோடு பிரித்த ஊர்களும்: வாசகர் கேள்வி பதில்

ஒரு வட்டாரம் செழிக்கிறது, பக்கத்து வட்டாரம் பின்தங்குகிறது. இதற்குக் காரணம் மண்ணா, மனிதரா, ஆட்சியா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கடற்கரையே இல்லாத நாடு முன்னேறுவது கடினம் என்கிறார்கள். சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லையே, அது மட்டும் எப்படி?

பதில்: கடல் இல்லாததால் வரும் நஷ்டம் உண்மையானது. உலக வணிகச் சரக்கில், அளவை வைத்துப் பார்த்தால், 80 விழுக்காட்டுக்கும் மேல் கப்பலில்தான் போகிறது. கடல் எட்டாத வளரும் நாடுகள் என்று ஐ.நா. 32 நாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இந்த நாடுகளின் சரக்கு கப்பலில் ஏறும் முன்பு இன்னொரு நாட்டின் சாலை, அதன் சுங்கத்துறை, அதன் அரசியல் எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் மட்டும் இந்தச் செலவு பிடிபடாது. பல பாதைகளில் லாரி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். துறைமுகத்தில் காகிதங்களுக்காக நிற்கும். வழியில் எடைமேடைகளில் நிற்கும். எல்லையில் ஒரு நாட்டை விட்டு வெளியேறும்போது ஒரு முறை, அடுத்த நாட்டுக்குள் நுழையும்போது இன்னொரு முறை சோதனை நடக்கும். இரண்டு நாட்டு அதிகாரிகளும் அதே காகிதங்களைத்தான் பார்ப்பார்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் வணிகரை நசுக்குவது ஈட்டுத்தொகை. கடந்துபோகும் சரக்கு வழியிலேயே இறக்கி விற்கப்பட்டுவிட்டால் தங்களுக்கு வரி போய்விடும் என்று நடுவில் இருக்கும் நாடு அஞ்சுகிறது. அதனால் வரிக்குச் சமமான தொகைக்கு உத்தரவாதம் கேட்கிறது. சரக்கு எல்லையைத் தாண்டிவிட்டது என்ற சான்று திரும்பி வரும் வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். பத்து மூட்டை காப்பிக்கொட்டை ஏற்றுமதி செய்பவரின் முதலீடே அதுதான்.

இவை எல்லாம் மனிதர் போட்ட முடிச்சுகள், ஆகவே அவிழ்க்கவும் முடியும். சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே உள்ள சிருண்டு எல்லையில் லாரிகள் நாட்கணக்கில் காத்துக்கிடந்தன. 2009-ல் அங்கே ஒரே நிறுத்தச் சோதனைச் சாவடி வந்தது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் உட்கார்ந்து, லாரி நுழையும் பக்கத்தில் மட்டும் சோதிக்கிறார்கள். இதற்குக் கட்டடம் மட்டும் போதாது. ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் தன் சட்டப்படி வேலை செய்ய அனுமதிக்கும் சட்டத்தை இரு நாடுகளும் இயற்ற வேண்டும். சட்டம் வராமல் கட்டடம் மட்டும் எழும்பினால் பழையபடி இரண்டு வரிசைதான் நிற்கும். இன்னொரு வழி, 1975 உடன்படிக்கையின்படி நடக்கும் டி.ஐ.ஆர். முறை. புறப்படும் இடத்தில் முத்திரை வைத்த பெட்டியை வழியில் யாரும் திறப்பதில்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே ஆவணம், ஒரே உத்தரவாதம்.

ரயில் என்றால் தண்டவாள அகலம் பார்க்க வேண்டும். சீனாவில் 1,435 மில்லிமீட்டர், கஜகஸ்தானிலும் ரஷ்யாவிலும் 1,520, போலந்தில் மறுபடியும் 1,435. 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக ஒரு சரக்குப் பெட்டியை இரண்டு இடங்களில் பாரந்தூக்கியால் தூக்கி வேறு ரயிலில் வைக்கிறார்கள். சாம்பியாவின் செம்புக்குக் கடல்வழி தர 1975-ல் முடிந்த டசாரா பாதை தெற்கு ஆப்பிரிக்க அளவான 1,067-ல் போடப்பட்டது. தான்சானியாவின் பழைய பாதையோ 1,000. அங்கேயும் இறக்கி ஏற்றத்தான் வேண்டும்.

சுவிட்சர்லாந்துக்கு வருவோம். அதற்குக் கடல் இல்லை, ஆனால் பாசல் நகரில் ரைன் நதித் துறைமுகம் இருக்கிறது. 1868-ல் கையெழுத்தான மான்ஹைம் உடன்படிக்கைப்படி அந்த நதியில் கப்பல் விடச் சுங்கம் கிடையாது, ராட்டர்டாம் வரை தடையில்லாமல் போகலாம். அதைவிட முக்கியம், சுற்றியுள்ள ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் அதற்குச் சந்தைகள். அது கடலுக்குப் போகும் வழியைத் தேடுவதற்கு முன்பே வாங்குபவர் வாசலில் நிற்கிறார். எத்தியோப்பியாவின் நிலை வேறு. 1993-ல் எரித்ரியா பிரிந்ததும் அதன் கடற்கரை போனது. 1998-ல் எரித்ரியாவுடன் போர் மூண்டதும் அசாப் துறைமுகமும் மூடியது. இன்று அதன் வெளிவணிகத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஜிபூத்தி என்ற ஒரே ஒரு சிறு நாட்டின் வழியாக நடக்கிறது. ஒரே வாசலை நம்பியிருப்பவர் அங்கே கேட்கும் கட்டணத்தைக் கொடுத்தாக வேண்டும். பொலிவியா 1879-ல் தொடங்கிய போரில் கடற்கரையைச் சிலியிடம் இழந்தது, அதைப் பற்றிப் பேச்சு நடத்தச் சிலி கடமைப்பட்டதில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 125-வது பிரிவு கடலுக்குப் போய்வரும் உரிமையைத் தருகிறது. ஆனால் எந்த வழியாக, என்ன நிபந்தனையில் என்பதை இரு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிடுகிறது. உரிமை காகிதத்தில் இருக்க, பேரம் பேசும் பலம் அண்டை நாட்டின் கையில் இருக்கிறது.

கேள்வி: வெப்ப நாடுகளில் மக்கள் உழைக்க மாட்டார்கள், அதனால்தான் அவை பின்தங்கின என்று ஒரு ஆசிரியர் சொன்னார். சரியா?

பதில்: தவறு. தவறு என்று சொல்வதோடு நிற்காமல், வெப்பம் எந்த வழியாக நஷ்டம் தருகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்த வழிகள் தெரிந்தால்தான் அடைக்க முடியும்.

முதல் வழி நோய். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பரப்பில் செட்சி ஈ இருக்கிறது. அது கடித்துப் பரப்பும் ஒட்டுண்ணி மாட்டையும் குதிரையையும் கொல்கிறது. மாடு இல்லாவிட்டால் ஏர் இல்லை, வண்டி இல்லை, சாணமும் இல்லை. மண்வெட்டியால் ஒருவர் கொத்தக்கூடிய பரப்புக்கு மேல் விளைச்சல் பெருகாது, விளைந்ததைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும். இதில் சோம்பலுக்கு எங்கே இடம்? மலேரியா வெப்ப நாட்டுக்கே உரிய நோய் என்ற நினைப்பும் தவறு. இத்தாலியில் அது 20-ஆம் நூற்றாண்டிலும் இருந்தது, அந்த நாடு மலேரியாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 1970-ல்தான்.

பனாமா கால்வாய் இதற்கு நல்ல பாடம். 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டத் தொடங்கினார்கள். மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் ஏறக்குறைய 20,000 பேர் இறந்து, 1889-ல் வேலை நின்றது. நோயைக் கொசுதான் பரப்புகிறது என்று தெரிந்த பிறகு, 1904-ல் அமெரிக்கர்கள் அதே இடத்தில், அதே வெயிலில் வேலையைத் தொடங்கினார்கள். தேங்கிய நீரை வடித்தார்கள், வடிக்க முடியாத குட்டைகளில் எண்ணெய் ஊற்றினார்கள், சன்னல்களுக்கு வலை அடித்தார்கள், வீடுகளுக்குப் புகை போட்டார்கள், குழாய்த் தண்ணீர் கொடுத்து வீட்டுத் தொட்டிகளை ஒழித்தார்கள். 1906-க்குள் அங்கே மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. 1914-ல் கால்வாய் திறந்தது. மலேரியா குறைந்ததே தவிர முற்றாகப் போகவில்லை, அதன் கொசு ஊருக்கு வெளியே சதுப்பிலும் வளரும் என்பதால்.

இரண்டாவது வழி மண். ஓயாத மழை மண்ணின் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். காட்டை வெட்டிப் பயிரிட்டால் சில ஆண்டுகளில் விளைச்சல் சரியும். ஆனால் எரிமலைச் சாம்பல் விழுந்து புதுப்பிக்கும் மண் அப்படியில்லை. இந்தோனேசியாவின் நிலப்பரப்பில் 7 விழுக்காடு அளவே உள்ள ஜாவாத் தீவில் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேல் வாழ்கிறார்கள். பக்கத்தில் உள்ள போர்னியோவும் அதே வெப்பம், அதே மழைதான். வெப்பநிலையை மட்டும் காரணமாகச் சொன்னால் இந்த இரண்டு தீவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவே முடியாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தள்ளியிருக்கும் சிங்கப்பூரையும் விளக்க முடியாது.

கேள்வி: ஒரே மொழி, ஒரே இனம், நடுவில் ஒரு கோடு. கொரியாவும் ஜெர்மனியும் கற்றுத்தருவது என்ன?

பதில்: கொரியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1945-ல் நாடு பிரிந்தபோது இயற்கை வளம் வடக்கின் பக்கம் இருந்தது. கனிமம், ஹுங்னாம் உரத் தொழிற்சாலை, யாலு நதியில் சுபுங் அணை எல்லாம் அங்கே. தெற்கு பெரும்பாலும் வயல்வெளி. 1948 மே மாதம் வடக்கு மின்கம்பியைத் துண்டித்தபோது தெற்கு இருளில் மூழ்கியது. பிறகு தெற்கில் நடந்த நிலச் சீர்திருத்தம் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு வைத்தது. குத்தகைதாரர் உடைமையாளரானார், பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், ஏற்றுமதித் தொழில் வளர்ந்தது. வளம் வடக்கில் இருந்தும் வளர்ச்சி தெற்கில் நடந்தது.

ஜெர்மனியின் பாடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நடுவில் இருந்த கோடு அழிந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் அங்கே முக்கியம். 1990 ஜூலை 1 அன்று கிழக்கு ஜெர்மனியின் நாணயமான கிழக்கு மார்க் போய் மேற்கு மார்க் வந்தது. ஊதியம், வாடகை, ஓய்வூதியம் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டன. சேமிப்பில் ஒருவருக்குப் பொதுவாக 4,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. மக்களுக்கு அது நியாயமாகத்தான் தெரிந்தது. தொழிற்சாலைக் கணக்கு வேறு. ஏற்றுமதியில் ஒரு மேற்கு மார்க் ஈட்டக் கிழக்கு நிறுவனங்கள் அதுவரை நான்குக்கும் மேற்பட்ட கிழக்கு மார்க் செலவழித்து வந்தன. ஒரே இரவில் அவற்றின் செலவு நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. அதே சமயம் கடையில் மேற்கத்திய பொருள் வந்து குவிந்தது, கிழக்கின் பழைய வாடிக்கையான சோவியத் சந்தையும் உடைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல், கிழக்கின் ஊதியத்தைச் சில ஆண்டுகளில் மேற்குக்குச் சமமாக்குவதாகத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. உற்பத்தித்திறனோ மேற்கில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே.

ஏறக்குறைய 8,500 அரசு நிறுவனங்களையும் அவற்றில் வேலை செய்த 40 லட்சம் பேரையும் ட்ராய்ஹாண்ட் என்ற முகமை பொறுப்பேற்றது. 1994 இறுதிக்குள் அவற்றை விற்றோ மூடியோ தன் வேலையை முடித்துக்கொண்டது. இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், மேற்கே போனார்கள். சாலையும் தொலைபேசியும் சில ஆண்டுகளில் மேற்கின் தரத்துக்கு வந்துவிட்டன. பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் மட்டும் வரவில்லை, இன்றும் மேற்கில்தான் இருக்கின்றன. தலைமையகம் இல்லாத இடத்தில் ஆய்வுப் பிரிவும் உயர் ஊதியப் பதவியும் குறைவு. கிழக்கின் சராசரி ஊதியம் இன்னும் பின்தங்கியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒன்றுக்கு ஒன்று மாற்றாமல் இருந்திருந்தால் இன்னும் அதிகம் பேர் மேற்கே போயிருப்பார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு, அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஊதியத்தை உற்பத்திக்கு முன்னால் ஓடவிட்டது தவறான முடிவு என்றே நாங்கள் கருதுகிறோம். ஊதிய வேறுபாட்டை மக்களுக்கு நேரடி உதவித்தொகையாகக் கொடுத்திருந்தால் தொழிற்சாலைகளில் ஒரு பகுதி பிழைத்திருக்கும்.

கேள்வி: முதுகலைத் திட்டப்பணிக்காக இரண்டு வட்டாரங்களை ஒப்பிட வேண்டும். தனிநபர் வருமானம் ஒன்று போதுமா?

பதில்: போதாது. முதலில் கையில் இருக்கும் எண் எதை அளக்கிறது என்று பாருங்கள். தனிநபர் மொத்த உற்பத்தி என்பது வேலை நடக்கும் இடத்தின் கணக்கு, ஆள் வாழும் இடத்தின் கணக்கல்ல. லக்சம்பர்க்கில் வேலை பார்ப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் வந்து போகிறார்கள். அவர்கள் செய்யும் உற்பத்தி பின்னத்தின் மேலே உள்ள தொகுதியில் சேரும், அவர்கள் தலை கீழே உள்ள பகுதியில் சேராது. எண் ஊதிப்போகும். மாநகரின் மையப்பகுதி எதை எடுத்தாலும் இதே கதை. வாழ்பவர் நிலையை அறிய வீட்டு வருமானத்தை எடுங்கள்.

அடுத்தது, லாபம் எங்கே போகிறது என்பது. 2015-ல் அயர்லாந்தின் உற்பத்தி ஒரே ஆண்டில் 25 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே பதிவுசெய்ததன் விளைவு அது, தெருவில் நடப்பவர் கையில் அந்தப் பணம் இல்லை. அந்நாட்டுப் புள்ளியியல் துறையே அதன் பிறகு திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஓர் எண்ணை வெளியிடத் தொடங்கியது. சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ உள்ள வட்டாரத்திலும் இதே எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, எல்லைக்கோடு. ஐரோப்பிய ஒன்றியம் 8 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை உள்ள வட்டாரங்களை ஒப்பிட்டு, ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவற்றுக்கு அதிக நிதி தருகிறது. ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரமும் அதைச் சுற்றியுள்ள பெஸ்ட் மாவட்டமும் ஒரே வட்டாரமாக இருந்தபோது நகரத்தின் செல்வம் சராசரியைத் தூக்கிவிட, மாவட்டத்துக்கு அந்த நிதி கிடைக்கவில்லை. 2018 முதல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். எந்த மனிதரின் வருமானமும் மாறாமலே ஒரு வட்டாரம் ஏழையானது. உங்கள் ஆய்விலும் முடிந்தால் இரண்டு விதமாக எல்லை வரைந்து பாருங்கள். முடிவு தலைகீழானால், அந்த முடிவை எழுதாதீர்கள்.

நான்காவது, விலைவாசி. தலைநகரிலும் தொலைதூர மாவட்டத்திலும் வாடகை ஒன்றாக இருக்காது. நாடு முழுவதற்கும் ஒரே விலைக்குறியீட்டைப் போட்டால் ஏழை வட்டாரம் உள்ளதைவிட ஏழையாகத் தெரியும்.

ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டை நீங்களே கணக்கிடலாம். ஆயுளுக்குக் கீழெல்லை 20, மேலெல்லை 85. ஒரு வட்டாரத்தில் சராசரி ஆயுள் 72 என்றால் 72-லிருந்து 20-ஐக் கழித்து வரும் 52-ஐ 65-ஆல் வகுக்க, 0.8. கல்விக்கு இரண்டு எண்கள்: குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும் என்ற எதிர்பார்ப்பை 18-ஆலும், பெரியவர்கள் சராசரியாகப் படித்த ஆண்டுகளை 15-ஆலும் வகுத்து, இரண்டின் கூட்டுச்சராசரியை எடுங்கள். வருமானத்துக்கு வாங்கும் திறன் டாலரில் கீழெல்லை 100, மேலெல்லை 75,000. ஆனால் மடக்கை எடுத்த பிறகே கழித்து வகுக்க வேண்டும். மடக்கை எடுப்பதால் 1,000 டாலர் 2,000 ஆவதும், 10,000 டாலர் 20,000 ஆவதும் சம முன்னேற்றமாகக் கணக்காகும். கடைசியில் மூன்றையும் பெருக்கி முப்படி மூலம் எடுங்கள். கூட்டி மூன்றால் வகுப்பது 2010-க்கு முந்திய முறை. அதில் மோசமான கல்வியை அதிக வருமானம் மூடி மறைத்துவிடும்.

கேள்வி: நெல் பயிரிடும் ஊர்களில் ஒற்றுமை அதிகம், கோதுமை ஊர்களில் தனிமனித குணம் அதிகம் என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சீனாவில் ஆறு இடங்களில் 1,162 மாணவர்களைச் சோதித்து, யாங்சி நதிக்குத் தெற்கே நெல் வட்டாரத்தவர் உறவுகளை வைத்துச் சிந்திப்பதாகவும், வடக்கே கோதுமை வட்டாரத்தவர் தனித்தனிப் பொருளாகப் பிரித்துச் சிந்திப்பதாகவும் சொன்னது. சொல்லும் காரணம் புரிகிற காரணம்தான். நீர் பாயும் நெல்லுக்குக் கோதுமையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உழைப்பு வேண்டும், நாற்று நடவில் பக்கத்து வீட்டார் கை வேண்டும், வாய்க்காலைத் தனியாக ஒருவர் பராமரிக்க முடியாது. ஆனால் இது கூட்டத்தின் சராசரிப் போக்கு. ஒரு தனி மனிதரைப் பார்த்து அவர் குணத்தைச் சொல்ல இது உதவாது. நெல் வட்டாரத்துக்கும் கோதுமை வட்டாரத்துக்கும் இடையே பழைய ஆட்சிகள், இடப்பெயர்வு, வணிகம் என்று வேறு வேறுபாடுகளும் இருக்கின்றன.

ஒற்றுமை நீரால் தானாக முளைத்துவிடுவதும் இல்லை. பாலித் தீவில் சுபக் என்ற நீர்ச் சங்கங்கள் நூற்றாண்டுகளாகக் கோயில்களை மையமாக வைத்து நாள் குறித்து, பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தரிசாகும்படி செய்தன. பரந்த பரப்பில் பயிரே இல்லாதபோது எலிக்கும் பூச்சிக்கும் தீனி இல்லை, இனம் பெருகாது. 1970-களில் ஆண்டுக்கு எத்தனை போகம் முடியுமோ அத்தனையும் பயிரிடச் சொல்லி அரசு ஊக்குவித்தது. அவரவர் வசதிப்படி நட்டார்கள், தண்ணீர்த் தகராறு வந்தது, புகையான் பூச்சி பெருகி விளைச்சலைத் தின்றது. மருந்தடித்தும் அடங்காமல், கடைசியில் பழைய முறைக்குத் திரும்பினார்கள். சங்கம் என்பது ஒரு தொழில்நுட்பம் என்று அப்போதுதான் திட்டம் போட்டவர்களுக்குப் புரிந்தது.

ஏரும் மண்வெட்டியும் கூட இப்படி ஒரு தடம் விட்டிருக்கின்றன. கனமான ஏரை இழுத்துப் பிடிக்க உடல்பலம் வேண்டியிருந்த இடங்களில் பெண்கள் வயலிலிருந்து வீட்டுக்குள் தள்ளப்பட்டார்கள் என்று பொருளியலாளர் எஸ்டர் போசரப் 1970-ல் சொன்னார். ஏர் வழக்கம் இருந்த சமூகங்களில் பெண்கள் வெளிவேலைக்குப் போவது இன்றும் குறைவு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஏர் போய் டிராக்டர் வந்தும் வழக்கம் நிற்கிறது.

கேள்வி: வைரமோ எண்ணெயோ கிடைத்தால் அந்த நாடு சீரழியும் என்கிறார்களே?

பதில்: போட்ஸ்வானா சீரழியவில்லை. 1966-ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, கடலும் இல்லை. 1967-ல் ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. கனிம உரிமை முழுவதும் அந்தந்த இனக்குழுவுக்கல்ல, நாட்டுக்குச் சொந்தம் என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. ஒராபா பாமாங்வாட்டோ மக்களின் நிலம், அன்றைய குடியரசுத் தலைவர் செரெட்ஸே காமா அதே மக்களின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். தன் சொந்த மக்களின் பங்கை முதலில் விட்டுக்கொடுத்ததால், பின்னால் ஜ்வானெங்கில் அதைவிட வளமான சுரங்கம் வந்தபோது அந்த வட்டாரமும் தனி உரிமை கேட்க முடியவில்லை. சுரங்க நிறுவனத்தில் அரசுப் பங்கு 15 விழுக்காட்டில் தொடங்கி 1975-ல் பாதியாகியது. இதற்கு நேர்மாறாக, காங்கோ 1960-ல் விடுதலை பெற்ற சில நாட்களில் செம்பு விளையும் கட்டாங்கா தனி நாடாகப் பிரிய முயன்று 1963 வரை இரத்தம் சிந்தியது. போட்ஸ்வானாவின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே பண்டத்தை நம்பியதால், ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்ததும் கருவூலம் தடுமாறுகிறது. மக்களிடையே ஏற்றத்தாழ்வும் மிக அதிகம்.

கேள்வி: பின்தங்கிய வட்டாரத்தைத் தூக்கிவிட அரசுகள் செய்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை?

பதில்: இத்தாலி 1950-ல் தெற்குக்கென்று தனி நிதியமைப்பை உருவாக்கியது. முதல் பத்தாண்டில் சதுப்பு வடித்தது, குடிநீர்க் குழாய் போட்டது, சாலை போட்டது. அந்தக் காலத்தில் தெற்கு வடக்கை நெருங்கிவந்தது. பிறகு டாரண்டோவில் எஃகு ஆலை, ஜெலாவில் பெட்ரோலிய வேதியாலை என்று பெரும் முதலீடுகள் வந்தன. அவற்றுக்கு இயந்திரம் அதிகம், ஆள் குறைவு, உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் வடக்கிலிருந்து வந்தன, சுற்றி ஒரு சிறுதொழிலும் முளைக்கவில்லை. 1969-ல் வட்டாரவாரி ஊதிய வேறுபாடும் எடுக்கப்பட்டது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அந்த ஆலைகள் சுமையாயின, நெருங்கிவந்த தெற்கு அதோடு நின்றுவிட்டது.

சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று இந்தியா 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை வைத்திருந்த கொள்கை, நல்ல எண்ணம் எப்படித் திரும்பி அடிக்கும் என்பதற்குச் சான்று. எஃகு நாட்டின் எந்த மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைத்தது. நிலக்கரியும் இரும்பும் விளைந்த அன்றைய பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துக்கு இருந்த ஒரே இயற்கை அனுகூலம், சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அதை அரசே பணம் கொடுத்து அழித்துவிட்டது. எஃகை உருக்கிப் பொருள் செய்யும் தொழில்கள் துறைமுகமும் சந்தையும் உள்ள மாநிலங்களில் வளர்ந்தன.

நார்வே ஆளை நேரடியாகப் பார்த்தது. 1990 முதல் வடகோடி ஃபின்மார்க்கிலும் வட ட்ரோம்ஸிலும் குடியிருப்பவருக்கு வருமான வரி குறைவு, படிப்புக்கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி, ஓர் உச்சவரம்புக்குள், தள்ளுபடி. நாட்டின் பிற பகுதியில் ஊதியத்தின் மேல் 14.1 விழுக்காடு வரை முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகை அங்கே பூஜ்யம். சிற்றூர்களில் மக்கள் குறைவது இதனால் நின்றுவிடவில்லை. ஆனால் ஆசிரியரும் செவிலியரும் மருத்துவரும் கிடைக்க இது கைகொடுக்கிறது, அவர்கள் இல்லாமல் ஊரில் எதுவும் நடக்காது.

ஜப்பான் 2008-ல் சொந்த ஊர் வரி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நகரவாசி விரும்பிய ஊராட்சிக்கு நன்கொடை கொடுத்தால், 2,000 யென் போக மீதி முழுவதும், ஓர் உச்சவரம்பு வரை, வரியில் கழியும். ஊராட்சிகள் நன்றிப் பரிசாக இறைச்சியும் நண்டும் அனுப்பத் தொடங்க, வளர்ச்சி நிதி பரிசுப் போட்டியாக மாறியது. 2019-ல் பரிசின் விலை நன்கொடையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. நல்ல இறைச்சி இல்லாத ஏழை ஊர் இன்னும் ஏழையாகத்தான் இருக்கிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் சுவிட்சர்லாந்தின் 2008 நிதிச் சமன்பாடு எங்களுக்குப் பிடித்தது. மாநிலத்தின் வரித்திறனுக்கு ஒரு கணக்கு. மலைச்செலவுக்குத் தனிக் கணக்கு: 800 மீட்டருக்கு மேல் வசிப்போர் பங்கு, நிலத்தின் செங்குத்து, சிதறிய குடியிருப்பு, மக்கள் அடர்த்தி. பனி அள்ளுவதற்கும் தொலைவிலுள்ள பள்ளிக்கு வண்டி விடுவதற்கும் ஆகும் கூடுதல் செலவு அந்த மாநிலத்தின் குற்றமல்ல என்று சூத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். யாரும் ஆண்டுதோறும் தலைநகரில் போய்க் கையேந்த வேண்டியதில்லை.

கேள்வி: ஊரை விட்டுப் போகிறவர்களால் ஊர் வளருமா, தேயுமா?

பதில்: போகிறவரின் குடும்பம் கூடவே போக முடிகிறதா என்பதைப் பொறுத்தது. சீனா 1980-ல் ஷென்ஷென் உள்ளிட்ட நான்கு இடங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்தது. உள்நாட்டு மாகாணங்களிலிருந்து ஆட்கள் கடற்கரைக்கு வந்தார்கள். ஆனால் 1958 முதல் இருக்கும் குடும்பப் பதிவு முறை அவர்களைச் சொந்தக் கிராமத்தோடு கட்டிவைத்தது. நகரத்தில் வேலை உண்டு, பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் இல்லை. அதனால் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கிராமத்திலேயே தங்கினார்கள். இன்று அந்நாட்டில் கிராமத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏறக்குறைய 30 கோடி. அனுப்பிய பணத்தில் கிராமத்தில் வீடு எழும்பியது, அந்த வீட்டில் பெற்றோர் இல்லாமல் பிள்ளை வளர்ந்தது. இதை வளர்ச்சியின் விலை என்று எளிதாகச் சொல்லிவிட எங்களால் முடியவில்லை. பதிவு முறையைத் தளர்த்திப் பள்ளி இடத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது.

கேள்வி: இரவில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் வெளிச்சம் அதிகமுள்ள இடம் வளர்ந்த இடம் என்று கொள்ளலாமா?

பதில்: எச்சரிக்கையோடு. வட கொரியா இருளாகவும் தென் கொரியா வெளிச்சமாகவும் தெரிவது உண்மை நிலையைத்தான் காட்டுகிறது. ஆனால் 1992 முதல் 2013 வரையுள்ள பழைய தொகுப்பில் ஒளியின் அளவு 0 முதல் 63 வரைதான். மாநகர மையம் எல்லாம் 63-ல் முட்டி நின்றுவிடும், அங்கே வளர்ச்சி நடந்தாலும் தெரியாது. 2012 முதல் கிடைக்கும் புதிய உணரியில் அந்தக் குறை இல்லை, நுணுக்கமும் அதிகம். இரண்டு தொகுப்பையும் அப்படியே ஒட்டித் தொடர்வரைபடம் போட்டுவிடாதீர்கள், நடுவில் ஒரு பொய்யான தாவல் வரும்.

எண்ணெய் வயலில் எரியும் வாயு ஒரு நகரத்தைப்போல ஒளிரும், அந்த இடங்களை முதலில் நீக்குங்கள். பனி மூடிய நிலம் ஒளியைத் திருப்பியடிப்பதால் குளிர்காலப் படத்தைத் தவிருங்கள். புதிய உணரிக்கு நீல ஒளி தெரியாது. ஒரு நகரம் பழைய சோடிய விளக்குகளை மாற்றி வெள்ளை எல்.இ.டி. போட்டால், தெரு முன்பைவிடப் பளிச்சென்று இருக்கும்போதே படத்தில் அது மங்கியதாகப் பதிவாகும். மங்கல் தெரிந்த ஆண்டில் அந்த நகராட்சி விளக்கு மாற்றியதா என்று கேட்டு அறிந்துகொண்ட பிறகு எழுதுங்கள்.